பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கறி

காட்டு விலங்குகளின் இறைச்சியைச் சாப்பிடுவதற்கு வசதியாகச் சட்டத்தை மாற்றப்போகிறார்களாம் என்று போன கிழமை தொலைக்காட்சியில் ஒரே கதை. பயிரை அழிக்கிற பன்றியைக் கொன்றால் அந்த இறைச்சியை ஏன் வீணாக்க வேண்டும், எடுத்துக்கொண்டு போகவும் விற்கவும் வழி செய்தால் என்ன என்று கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா கதிரையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெறும் வரைக்கும் வனசீவராசித் திணைக்களத்தில் வேலை பார்த்தவர் அவர். காட்டிறைச்சி என்ற சொல் காதில் விழுந்தால் இன்றைக்கும் நிமிர்ந்து உட்காருவார். அன்றைக்கு ஏனோ நிமிரவில்லை.

அடுப்படியில் நின்ற அம்மா அகப்பையோடு வாசலுக்கு வந்து செய்தியை முழுதாகக் கேட்டார். பிறகு அப்பாவைப் பார்த்து, "எனக்குத் தேவைப்பட்ட நேரம் மாத்தேல்ல. இப்ப ஆருக்காம் மாத்தினம்?" என்றார்.

அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார். அந்தச் சிரிப்பின் பின்னால் இருக்கிற கதையில் நானும் இருக்கிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

நாங்கள் மன்னார்த் தீவில், தாழ்வுபாட்டில் இருந்தோம். அது அப்பாவின் ஊர். ஊரில் அநேகமாக எல்லா ஆண்களும் கடலுக்குப் போனார்கள். அப்பா மட்டும் காக்கி உடுத்து மோட்டார் சைக்கிளில் கந்தோருக்குப் போனார். வலை இழுக்கிற குடும்பத்தில் பிறந்து அரசாங்க வேலை எடுத்த பிள்ளை என்று ஊர் பெருமைப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வலையில் ஆமை பட்டால் கூறு போடக்கூடாது, உயிரோடு திரும்பக் கடலில் விட வேண்டும் என்று தான் குடியிருக்கிற ஒழுங்கைக்குள்ளேயே சொல்லித் திரிகிற மனிதரை எந்த ஊர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும்? அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கரையில் கதை நின்றுவிடும். பிள்ளைகள் என்னை ஆமைக்காரரின் மகள் என்றார்கள். பெருநாட்களில் வீட்டுக்கு வீடு கறி போய்வரும். எங்கள் வீட்டுக்கு எப்போதும் கோழிக்கறி மட்டும்தான் வந்தது. எங்களுக்கென்று தனியாகக் கோழி அடிக்கிறார்களே, என்ன மரியாதை என்று நான் நினைத்திருந்தேன்.

அம்மா பாப்பாமோட்டைக்காரி. மன்னார்த் தீவிலிருந்து பாலத்தைத் தாண்டிப் பெருநிலத்துக்குப் போனால் வருகிற வயல் ஊர் அது. கலியாணம் கட்டி வந்து பத்து வருடமாகியும் அம்மாவுக்குக் கருவாட்டு மணம் பழகவில்லை என்று ஊர்ப் பெண்கள் பகிடி பண்ணுவார்கள். பகிடி பகிடியாகவே இருந்தது, அந்த வருடம் அம்மாவின் வயிற்றில் பிள்ளை தங்கும்வரைக்கும்.

அதன் பிறகு மீன் மணம் அம்மாவுக்கு எதிரியாகிப் போனது. தாழ்வுபாட்டில் மீன் மணத்துக்கு எங்கே ஒளிவது? கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் கருவாடு காய்ந்தது, இந்தப் பக்கம் வலை காய்ந்தது. காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அம்மா ஓங்காளித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடுவார். சோறு இறங்கவில்லை. பாண் இறங்கவில்லை. அப்பா ரவுனிலிருந்து மாட்டிறைச்சி வாங்கி வந்தார். பார்சலைப் பிரிக்கவே அம்மா விடவில்லை. கோழி, முட்டை, கிளினிக்கில் தந்த சத்துமா எல்லாவற்றுக்கும் அதே கதிதான். கிளினிக்கில் தாதி மிஸ்ஸி அம்மாவின் கண் இமையை இழுத்துப் பார்த்து, இரத்தம் காணாது, இப்படியே போனால் ஆஸ்பத்திரியில்தான் படுக்க வேண்டி வரும் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

எனக்குப் பிறகு அம்மா இரண்டு முறை பையோடு ஆஸ்பத்திரிக்குப் போய், பையோடு மட்டும் திரும்பி வந்திருக்கிறார். அந்தப் பைக்குள் மடித்து வைத்திருந்த சின்னச் சட்டைகளைப் பார்த்திருக்கிறேன். ஆருடையது என்று கேட்டதற்கு, "பிறகு சொல்லுறன்" என்றார். நான் மறந்துபோனேன். வீட்டில் மற்றவர்கள் மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது.

அம்மாவால் சமைக்க முடியாததால் சனி ஞாயிறுகளில் என்னை மாமா வந்து கூட்டிக்கொண்டு போவார். அம்மாவின் அண்ணன் அவர். உரத்த குரல், பெரிய மீசை, அதைவிடப் பெரிய கோபம். சண்டை முடிந்து சனம் திரும்பி வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. நெடுங்காலம் பற்றையாகக் கிடந்த வயல்களில் பன்றிகள் குடும்பம் குடும்பமாகப் பெருகியிருந்தன. கதிர் முற்றுகிற காலத்தில் ஒரு கூட்டம் இறங்கினால், விடியும்போது வயல் உழுது போட்டது போலக் கிடக்கும். அந்தத் தை மாதம் மாமாவின் வயலில் பாதி அப்படித்தான் போனது. மிச்சப் பாதியைக் காக்க மாமா நாய்களோடும் ஈட்டியோடும் காவல் கிடந்தார். ஒரு வெள்ளிக்கிழமை நாய்கள் ஒரு பெரிய பன்றியை வரம்போடு மறித்துக்கொள்ள, மாமா அதைக் குத்தி விழுத்திவிட்டார்.

மறுநாள் நான் போனபோது வீடு முழுக்க இறைச்சி மணம். மாமி உப்பும் மஞ்சளும் பூசிய துண்டுகளைக் கம்பியில் கோத்து வெயிலில் தொங்கவிட்டிருந்தார். மிச்சத்தை மிளகாய்த்தூள் போட்டுச் சுண்ட வதக்கியிருந்தார். தட்டில் சோறு போட்டுக்கொண்டே மாமி என்னிடம் அம்மாவைப் பற்றி விசாரித்தார். அம்மா ஒன்றும் சாப்பிடுவதில்லை, ஆனால் ஒருநாள் படுத்திருந்தபடி, "அண்ணை வீட்டில பண்டி இறைச்சி பொரிப்பினம், அதெண்டால் ரெண்டு வாய் சாப்பிடுவன் போல கிடக்கு" என்று சொன்னார் என்றேன். தனக்குத்தானே சொன்னதை நான் கேட்டிருந்தேன்.

மாமா கை கழுவாமலே எழுந்தார்.

"கேட்டியோ அதை? வாய் திறந்து கேட்டிருக்கிறாள். குடுக்காமல் விடுறதோ?"

மாமி, "அவர் விடுவாரோ? பாலத்தால கொண்டு போக ஏலாதெண்டெல்லோ சட்டம்" என்றார். 'அவர்' என்றால் அப்பா.

"அவருக்குச் சொல்லிப்போட்டோ கொண்டு போறது?"

அப்படித்தான் அந்தத் திட்டம் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மாமி நன்றாகப் பொரித்த இறைச்சியை ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு மூடி, துணியால் சுற்றி, என் பைக்குள் உடுப்புகளுக்கு நடுவே வைத்தார். சின்னப்பிள்ளையின் பையை எவன் பார்க்கப்போகிறான் என்பது மாமாவின் கணக்கு. "ஆரும் கேட்டால் மாற்றுச் சட்டை எண்டு சொல்லு" என்று எனக்குப் பாடமும் சொல்லித்தந்தார். எனக்குப் பயமில்லை. அம்மா சாப்பிடப்போகிறார் என்பதுதான் மனம் முழுக்க. பையை முதுகில் போட்டால் மணம் பின்னால் போய்விடும் என்று பயந்தவள் போல மடியில் வைத்து அணைத்துக்கொண்டு, மாமாவுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியில் ஏறி உட்கார்ந்தேன்.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வாகனங்கள் வரிசையாக நின்றன. பொலிஸார் மறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா வேகத்தைக் குறைத்து என் காதருகே, "சிரிச்சுக்கொண்டு இரு" என்றார். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் போனபோதுதான் தெரு ஓரத்தில் நின்ற வான் வண்டியைப் பார்த்தேன். அதன் பின்கதவு திறந்து கிடந்தது. நிலத்தில் விரித்த படங்கில் சாக்குகளை அவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். எல்லாம் இறைச்சி. ஒரு ஓரமாக ஒரு மானின் தலை இருந்தது. கண் திறந்தபடி, இப்போதுதான் ஆரோ கூப்பிட்டதுபோல அது என்னைப் பார்த்தது. வானில் வந்த இரண்டு பேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால், கையில் பேனையோடு, காக்கி உடுப்பில் அப்பா நின்றார்.

என் சிரிப்பு எங்கே போனதோ தெரியாது.

அப்பா எங்களைக் கண்டார். மாமாவை, பிறகு என்னை, பிறகு நான் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்த பையை. பார்வை பையில் நின்றுவிட்டது. மாமியின் பொரியல் மணம் தகரத்துக்கும் துணிக்கும் அடங்குகிற மணமில்லை. அப்பா மெல்ல நடந்து வந்தார். அவர் பின்னால் அவருடைய பெரிய உத்தியோகத்தரும் வந்தார். தெற்கிலிருந்து மாற்றலாகி வந்த, தலை நரைத்த சிங்களவர். கொஞ்சம் தமிழ் பேசுவார். எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்து தேத்தண்ணி குடித்திருக்கிறார்.

மாமாவின் கை என் தோளில் இருந்தது. மாமாவும் அந்த இரண்டு பேரோடு நிலத்தில் குந்தப்போகிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. என்னையும் குந்தவைப்பார்களா என்பதுதான் தெரியவில்லை.

அப்பா பையைத் தொடவில்லை. என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு. காய்ச்சலோ?"

"இல்லையப்பா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"காய்ச்சல் போலத்தான் கிடக்கு" என்று அப்பா மாமாவைப் பார்த்துச் சொன்னார். குரல் பொலிஸ்காரருக்கும் கேட்கிற மாதிரி இருந்தது. "இந்த வெயிலுக்குள்ள பாலத்தால கொண்டு போகாதேங்கோ. உங்கட வீட்டுக்கே திருப்பிக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"எனக்குக் காய்ச்சல் இல்லை, நான் அம்மாட்டப் போகோணும்" என்று கத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு நோயும் இல்லாத பிள்ளையை, அதுவும் சொந்தப் பிள்ளையை, வீட்டுக்கு வராதே என்று தெருவில் வைத்துத் திருப்பி அனுப்புகிறாரே.

பெரியவர் குனிந்தார். அவருடைய மூக்கு என் பைக்கு நேர் மேலே வந்தது. ஒரு கணம் அப்படியே இருந்துவிட்டு, புறங்கையை என் நெற்றியில் வைத்தார்.

"அப்பா சரி" என்றார். "நல்லா சூடு இருக்கு. மகள் திரும்பிப் போ. மருந்து சாப்பிடு."

காய்ச்சலே இல்லாத நெற்றியில் பெரிய மனிதர்கள் இரண்டு பேருக்கு எப்படிச் சூடு தெரிந்தது என்று வழி நெடுக யோசித்தேன். ஒருவேளை உண்மையாகவே காய்கிறதோ என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வீட்டு வாசலில் இறங்கியதும்தான் மாமா தலைப்பாகையைக் கழற்றி எறிந்து கத்தத் தொடங்கினார். தங்கச்சியைப் பட்டினி போட்டுக் கொல்லப்போகிறான், காக்கி உடுத்தால் மனிசத்தனம் போய்விடுமா என்று முற்றத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். மாமி தகரத்தைத் திரும்ப அடுப்படிக்குக் கொண்டுபோய் வைத்தார். நான் அன்றைக்கு அப்பாவை வெறுத்தேன். சின்னப்பிள்ளைக்கு வெறுப்பு என்ன பெரிய வெறுப்பு என்பார்கள். அது பெரிதாகத்தான் இருந்தது.

பின்னேரம், பொழுது சாயும் முன்னால், படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மாடு நடக்கிற வேகத்தில் அப்பா வந்துகொண்டிருந்தார். பின்னால் அம்மா, ஆசனத்தில் போட்ட தலையணையில் ஒரு பக்கமாக உட்கார்ந்து அப்பாவின் இடுப்பைப் பிடித்திருந்தார். முன்னால் தாங்கியில் அந்தப் பை. ஆஸ்பத்திரிப் பை.

மாமா முற்றத்தில் நின்றபடியே தொடங்கிவிட்டார்.

"வாங்கோ மச்சான், வாங்கோ. ஆளைப் பிடிக்க வந்தனீங்களோ? என்ர வயலைப் பண்டி தின்னலாம், அந்தப் பண்டியை என்ர தங்கச்சி தின்னக்கூடாதோ? இதென்ன சட்டம்?"

அப்பா முதலில் அம்மாவைப் பிடித்து மெதுவாக இறக்கினார். பையை எடுத்து மாமியிடம் கொடுத்தார். பிறகுதான் வாய் திறந்தார்.

"தின்னக்கூடாதெண்டு ஆர் சொன்னது? தின்னத்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்."

மாமா அம்மாவையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்கட வயலுக்குள்ள வந்த பண்டி, நீங்கள் அடிச்சனீங்கள். உங்கட வீட்டில வைச்சுச் சாப்பிட்டால் எனக்கு அதில ஒரு வேலையும் இல்லை" என்றார் அப்பா. "இறைச்சியைத்தான் ஏத்தக்கூடாது. இவவை ஏத்தலாம்தானே."

மாமி சிரித்துவிட்டார். மாமா சிரிக்க விரும்பவில்லை.

"ஒரு தகரம் மச்சான். ஒரு சின்னத் தகரம். ஆருக்கு என்ன நட்டம்?"

"உங்கட தகரத்தால ஒண்டுமில்லை. ஆனால் காலமை படங்கில கிடந்ததைப் பாத்தனீங்கள்தானே. அவங்களிட்டயும் கேட்டனான். முதலில வயலுக்கு வந்த பண்டியைத்தான் அடிச்சவங்களாம். பாலத்துக்கு அங்கால விலை போகுதெண்டு கண்டாப் பிறகு வயலும் தேவைப்படேல்ல, பண்டியும் தேவைப்படேல்ல. மான் அம்பிட்டால் மான். நான் அவங்களுக்கு வழக்கு எழுதிக்கொண்டு நிக்கிறன். என்ர பிள்ளையின்ர பையில இது. நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ."

இரண்டு பேரும் வேறு வேறு திசைகளில் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கருவாடு காயாத காற்று வயலிலிருந்து வீசியது. அம்மா கண்ணை மூடி அதை இழுத்து இழுத்து மூச்சு விட்டார். பிறகு மாமியின் கையைப் பிடித்து, வெட்கப்பட்ட குரலில் சொன்னார்:

"அண்ணி, பசிக்குது."

எத்தனையோ நாளாக எங்கள் வீட்டில் கேட்காத சொல் அது. அப்பா சட்டென்று மறுபக்கம் திரும்பி மோட்டார் சைக்கிளின் கண்ணாடியைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது. அம்மா அடுப்படியில் பலகையில் உட்கார்ந்து, அந்தத் தகரத்து இறைச்சியோடு ஒரு கோப்பை சோறு சாப்பிட்டார். மாமி திரும்பவும் போட்டார், அதையும் சாப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வாயையும் பார்த்தேன். அப்பா ஒரு துண்டும் தொடவில்லை. தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு, இருட்ட முன்னால் தனியாகப் புறப்பட்டுப் போனார்.

அவர் போனதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அப்பா அம்மாவோடு கோபித்துக்கொண்டு தாய்வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார். இறைச்சி தின்கிற ஆட்கள் பாலத்துக்கு இந்தப் பக்கமே இருக்கட்டும் என்று எங்களை விலக்கிவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஒருத்தியின் தகப்பன் அப்படிச் செய்திருந்தார். எங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது.

நாங்கள் அங்கேயே தங்கினோம். என்னை மாமாவின் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். மாசி பிறந்தது, தவக்காலம் தொடங்கியது. தவக்காலத்தில் இறைச்சியைக் கண்ணாலும் பார்க்காத வழக்கம் எங்களுடையது. அம்மா பயந்து கையை எடுத்துவிட்டார். மாமி பங்குச் சுவாமியை வீட்டுக்கே கூட்டிவந்தார். அவர் வெயிலில் தொங்கிய வத்தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வயித்துப் பிள்ளைக்குத் தவக்காலம் இல்லை. நீங்கள் சாப்பிடுங்கோ. மற்றவை அடக்கமாய் இருங்கோ" என்றார். மற்றவை என்று சொன்னபோது மாமாவைத்தான் பார்த்தார்.

அப்பாவோ ஒவ்வொரு நாள் பின்னேரமும் வந்தார். வேலை முடிந்து, தாழ்வுபாட்டுக்குப் போகாமல், எதிர்த் திசையில் பாலத்தைத் தாண்டி வந்து, அரைமணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பிப் போவார். காக்கி உடுப்பைக்கூட மாற்றியிருக்க மாட்டார். வந்ததும் செய்கிற முதல் வேலை எனக்குப் பிடிக்கவேயில்லை. நேரே அடுப்படிக்குப் போய்க் கறிச்சட்டியின் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பார். சில நாள் சட்டியைக் கொஞ்சம் சரித்தும் பார்ப்பார். பிறகு மாமியிடம் மெதுவாக ஏதோ கேட்பார். மாமி தலையை ஆட்டுவார், அல்லது உதட்டைப் பிதுக்குவார். உதட்டைப் பிதுக்கிய நாட்களில் அப்பாவின் முகம் இருண்டுவிடும்.

எனக்கு அந்த மூடி திறப்பது நன்றாகவே விளங்கியது. சட்டியில் எவ்வளவு இறைச்சி இருக்கிறது என்று அளந்து மனதில் எழுதிக்கொள்கிறார். போதியளவு சேர்ந்ததும் பேனையை எடுப்பார். மாமாவைப் படங்கின் பக்கத்தில் குந்தவைப்பார். ஒருநாள் மாமாவிடம் போய், அப்பா வருகிற நேரம் நீங்கள் வயலில் நின்றால் நல்லது என்று சொன்னேன். மாமா ஏனென்று கேட்டார். சொல்லவில்லை. அவர் பயந்துவிடுவார் என்று நினைத்தேன்.

தம்பி வைகாசியில் பிறந்தான். மன்னார் ஆஸ்பத்திரியில், நல்ல நிறையோடு, ஊரைக் கூட்டுகிற குரலோடு. அந்தப் பையில் இருந்த சின்னச் சட்டைகள் அவனுக்குச் சின்னதாகிப் போயின. இன்றைக்கு வீட்டு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நுழைகிற ஆள் அவன். மாமா அவனைப் பண்டிக்குட்டி என்றே கூப்பிடுவார். அப்பா அதற்குக் கோபிப்பதில்லை.

ஆனால் நான் சொல்ல நினைத்தது, அதற்கு முந்திய ஒரு பின்னேரத்தை.

பெரிய வெள்ளிக்கு இரண்டொரு கிழமை முன்னால் அம்மாவுக்கு ஒருநாள் காலில் வீக்கம் கண்டு, கிளினிக்கில் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அப்பா இரண்டு நாள் வரவில்லை. காட்டுப் பக்கம் வேலையாக அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் பின்னேரம் அம்மா உள்ளே படுத்து நித்திரை. மாமாவும் மாமியும் வயலில். நான் முற்றத்தில் இருந்தபோது தூரத்தில் அந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வழமையைவிட வேகமாக வந்தது.

இன்றைக்குத்தான் என்று எனக்குப் பட்டது. இன்றைக்குப் பேனையை எடுப்பார்.

அடுப்படிக்கு ஓடினேன். மத்தியானக் கறியில் பாதி சட்டியில் இருந்தது. அதை ஒரு கிண்ணத்தில் வழித்து ஊற்றி, கொண்டுபோய் நெல்மூட்டைகளுக்குப் பின்னால் வைத்து, மேலே ஒரு சுளகைக் கவிழ்த்தேன். திரும்பி வந்து சட்டியை மூடிவிட்டுப் பலகையில் உட்கார்ந்துகொண்டேன்.

அப்பா வந்தார். முகத்தில் தாடி முளைத்து, கண் சிவந்து, கால்சட்டையெல்லாம் புழுதியாக இருந்தது. என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு நேரே சட்டிக்குப் போனார். மூடியைத் திறந்தார். அடியில் எண்ணெய் மினுங்கியது, வேறொன்றும் இல்லை.

"கறி எங்க பிள்ளை?"

"முடிஞ்சுது."

"முழுக்கவோ?"

"ஓம். ஒரு துண்டும் மிச்சமில்லை."

அப்பா மூடியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு என் முன்னால் குந்தினார்.

"ஆர் சாப்பிட்டது?"

இதுதான் அந்தக் கேள்வி. மாமா என்று சொன்னால் மாமா போய்விடுவார். மாமி என்றால் மாமி. நான் என்று சொல்லலாம். ஆனால் அவ்வளவையும் நான் தின்றதாக ஒருவரும் நம்பப்போவதில்லை. மின்னலைப் போல எனக்கு ஒரு யோசனை வந்தது. எப்படிப்பட்ட அப்பாவானாலும் சொந்தப் பெண்சாதியைப் பிடித்துக் கொடுக்கமாட்டார்.

"அம்மா" என்றேன். "எல்லாத்தையும் அம்மாதான் சாப்பிட்டவ. சோறும் ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டவ."

அம்மாவைக் காட்டிக் கொடுத்துவிட்டேனே என்று உடனே பட்டது. அப்பாவின் கை சட்டைப் பைப் பக்கம் போகிறதா என்று பார்த்தேன். போகவில்லை. அவர் குந்தியிருந்த இடத்திலேயே பின்னால் சரிந்து, அடுப்படி நிலத்தில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார். மூடியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். முதலில் சத்தமில்லாமல் சிரித்தார். பிறகு காக்கிச் சட்டையின் கையால் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கண் நனைந்துகொண்டே இருந்தது. என்னை இழுத்து மடியில் இருத்தி, தாடி குத்தக் குத்தக் கொஞ்சினார்.

"ரெண்டு தரமோ?" என்று திரும்பவும் கேட்டார்.

"ஓம்" என்றேன், இன்னும் பயத்தோடு.

பிடிக்க வந்த ஒருவர், குற்றவாளியின் பெயரை நான் சொன்ன பிறகு, ஏன் இவ்வளவு சந்தோஷப்படுகிறார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவேயில்லை.